தக்கை ஓடினால் இழு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. "விடுமுறையில் என்ன செய்தாய்?" என்று ஒருத்தி கேட்பாள், ஒவ்வொருத்தியாக எழுந்து சொல்ல வேண்டும். ஒருத்தி வேளாங்கண்ணிக்குப் போய் வந்ததைச் சொன்னாள். இன்னொருத்தி மாமல்லபுரம் பார்த்ததைச் சொன்னாள். என் முறை வந்தது. "நான் தூண்டில் போட்டேன்" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "பட்டு நெய்கிற வீட்டுப் பெண்ணுக்குத் தூண்டில் எதற்கடி?" என்று என் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். அவளுக்கு அன்று பதில் சொல்லவில்லை. இந்த மலரில் சொல்கிறேன்.

தோழியரே! பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மீன் என்றால் கோயில் குளத்து மீன்தான். சிறு வயதில் ஆயா என்னைச் சர்வதீர்த்தக் குளத்துக்கு அழைத்துப் போய்ப் பொரி வாங்கித் தருவாள். படியில் உட்கார்ந்து பொரியைத் தூவினால் மீன்கள் கூட்டமாக வந்து வாயைத் திறக்கும். அவற்றை யாரும் பிடிக்க மாட்டார்கள். நாங்கள் போடுவோம், அவை தின்னும். மீனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரே தறி. குழித்தறி. அப்பா குழியில் கால்களை இறக்கி மிதித்து நெய்வார். காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக இருக்கும் அல்லவா? அந்தக் கரையையும் உடலையும் கோத்து நெய்வதற்குக் 'கோர்வை' என்று பெயர். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஓர் ஆளால் ஆகாது. பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னோர் ஆள் அம்மா. அப்பா மிதிப்பதும் அம்மா நாடா தள்ளுவதும் ஒரே மூச்சாக நடக்கும். அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டேதான் நான் பாடம் படிப்பேன்.

சென்ற கார்த்திகை மாதத்தில் அந்த ஓசை நின்றுவிட்டது. அம்மாவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இறையருளால் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஆறு வாரங்களுக்குத் தறிப் பக்கமே வரக்கூடாது என்று டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தறியிலோ தை முகூர்த்தத்துக்குத் தர வேண்டிய சேலை பாதியில் நின்றது. காலையில் பள்ளிக்கு வருமுன் ஒரு மணி நேரம் நான் அம்மாவின் இடத்தில் உட்காருவேன். என் கை அம்மாவின் கை ஆகுமா? ஒரு சாண் நெய்வதற்குள் இரண்டு முறை இழை அறும். அப்பா கோபிக்க மாட்டார். இழையைப் பிணைத்துவிட்டு, "மெதுவாம்மா" என்பார். அந்த 'மெதுவா'தான் எனக்கு அடியைவிட வலிக்கும்.

அம்மா தேறுவதற்குப் பால், முட்டை, மீன் கொடுக்கும்படி டாக்டர் அம்மா சொன்னார். ஆயா அதைத் திருத்தினாள். "மீன் என்றால் எந்த மீன்? விரால் கொடுக்கணும். விரால் சாறு வைத்துக் கொடுத்தால்தான் உள் புண் ஆறும்" என்றாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கும் நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் விரால்தான் கொடுப்பார்கள். மலேசியாவில் இதை 'ஹாருவான்' என்று அழைத்து, அங்கேயும் அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்றும், இது புண்ணை ஆற்றுமா என்று அறிவியல் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள் என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். ஆயா எந்த ஆராய்ச்சியையும் படித்தவள் அல்லள். அவளுடைய அம்மா சொன்னதைச் சொன்னாள்.

அப்பா மார்க்கெட்டுக்குப் போனார். விரால் உயிரோடு தொட்டியில் இருந்ததாம். விலையைக் கேட்டுவிட்டு மத்தி வாங்கிக்கொண்டு திரும்பினார். "விரால் இல்லையாடா?" என்று ஆயா கேட்டதற்கு, "இன்னைக்கு வரலை" என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

அந்த நேரத்தில்தான் என் தாத்தாவின் நினைவு வந்தது. அம்மாவைப் பெற்ற தாத்தா. நாற்பது ஆண்டுகள் காஞ்சிபுரத்தில் தறி நெய்தவர். கண் பார்வை மங்கியபின் தறியை விட்டுவிட்டு, தென்னேரி அருகே ஒரு சிற்றூரில் மாமா வீட்டில் இருக்கிறார். இளமையிலிருந்தே அவருக்குத் தூண்டில் பழக்கம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக் குழியில் நீர் ஊறிவிடும். பட்டு இழையும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நெய்ய வராது. அந்த நாள்களில் தாத்தா தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவாராம். அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே, "தாத்தா வீட்டுக்குப் போகட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம்.

வாலாஜாபாத் வழியாகப் பேருந்தில் போய் இறங்கினேன். தென்னேரி எவ்வளவு பெரிய ஏரி என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளில் அது ஒன்று. திரையன் என்ற மன்னன் பெயரால் 'திரையன் ஏரி' என்றிருந்ததே தென்னேரி ஆயிற்று என்று சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்ததால் ஏரி கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கரையோரம் கோரையும் அல்லியும் அடர்ந்திருந்தன. கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. காற்று வீசும்போது நீர்ப்பரப்பு முழுவதும் பட்டுச் சேலையை உதறியதுபோல் நெளிந்தது.

என் எண்ணத்தைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். "உங்கம்மாவுக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பரணைக் காட்டி, "அந்த மூங்கில் கழியை எடு பாப்பா" என்றார்.

என் பாடம் அன்று மாலையே தொடங்கிற்று. தூண்டிலுக்கு வேண்டியவை ஐந்து: கழி, நரம்பு, முள், ஈயம், தக்கை. கழி நுனியில் வளைய வேண்டும். வளையாத கழி நரம்பை அறுத்துவிடும். நரம்பு என்பது நைலான் இழை. விராலுக்குச் சற்றுத் தடித்த நரம்பு வேண்டும். அதன் வாயில் கூரிய பற்கள் உண்டு. தக்கைக்குத் தாத்தா மயிலிறகின் தண்டை நறுக்கி, அதில் அம்மா நெய்து மிஞ்சிய சிவப்புப் பட்டு இழையை நெருக்கமாகச் சுற்றியிருந்தார். "நீரில் சிவப்பு நல்லாத் தெரியும்" என்றார். முள்ளை நரம்பில் கட்டும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டே கட்டினார். அறுந்த பாவு இழைகளை ஆயிரக்கணக்கில் பிணைத்த விரல்களுக்குக் கண் எதற்கு? நான் கண்ணைத் திறந்துகொண்டு கட்டிய முடிச்சு இழுத்ததும் அவிழ்ந்தது. ஏழாவது முடிச்சுதான் நின்றது.

மாமா முன்னதாகவே ஏரி மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் கேட்டு வைத்திருந்தார். "வலை கூடாது, தாத்தாவும் பேத்தியும் தூண்டில் போட்டுக்கொள்ளட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார்.

முதல் நாள் விடியற்காலையிலேயே போனோம். இரைக்கு மண்புழு. அதை முள்ளில் கோப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. புழு நெளிய, நான் அதைவிட அதிகமாக நெளிந்தேன். பிறகு தூண்டிலை வீசினேன். அது ஏரியில் விழவில்லை; என் பின்னால் இருந்த கருவேல மரத்தில் மாட்டிக்கொண்டது! இரண்டாவது முறை அல்லிக்கொடியில் மாட்டிற்று. மூன்றாவது முறை நீரில் விழுந்தது. தக்கை சற்று ஆடியதும் படாரென்று இழுத்தேன். வெறும் முள் என் முகத்துக்கு நேரே வந்தது. இப்படியே வெயில் ஏறும்வரை இழுத்து இழுத்து, மண்புழுக்களை எல்லாம் மீன்களுக்கு விருந்தாக்கிவிட்டு வீடு திரும்பினேன்.

"மீன் வந்து கடிக்கணும் பாப்பா. நீ போய் அதைக் கடிக்கக்கூடாது" என்றார் தாத்தா. பிறகு, நான் இன்றுவரை மறக்காத ஒரு பாடத்தைச் சொன்னார்: "தக்கை ஆடினால் சும்மா இரு. தக்கை ஓடினால் இழு."

சிறு மீன்கள் இரையைக் கொத்தும்போது தக்கை ஆடும். மீன் இரையை வாயில் வாங்கிக்கொண்டு புறப்படும்போதுதான் தக்கை ஒரு பக்கமாக ஓடும் அல்லது முழுவதும் மூழ்கும். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் தூண்டில் வித்தை. இதில் ஒரு சங்கடம் இருந்தது. தாத்தாவுக்குத் தக்கை தெரியவில்லை. எவ்வளவு சிவப்பாகச் சுற்றினாலும் பத்தடிக்கு அப்பால் அவருக்கு எல்லாம் ஒரே வெண்மைதானாம். ஆகவே நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் கேட்டுச் சொல்ல வேண்டும். "ஆடுது தாத்தா." "இரு." "ஆடுது." "இரு." "ஓடுது தாத்தா!" "இழு!" எங்கள் வீட்டுக் கோர்வைபோலவே இதற்கும் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் என் முதல் மீன் கிடைத்தது. உள்ளங்கை அகலமுள்ள ஜிலேபி! நான் கத்திய கத்தலில் கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன. 1952-இல் வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டு வரப்பட்ட மீன் அது. இப்போது எந்த ஏரியில் பார்த்தாலும் அதுதான் இருக்கிறது. "ஜிலேபி பிடிக்கிறது தூண்டில்காரனுக்கு அ, ஆ" என்றார் தாத்தா. அன்று மூன்று ஜிலேபியும் ஒரு குரவையும் பிடித்தேன். அத்தை குழம்பு வைத்தாள். நானே பிடித்த மீன் என்பதால் முள்ளைக்கூட விட மனம் வரவில்லை.

ஆனால் நான் வந்தது விராலுக்கு அல்லவா? விரால் மற்ற மீன்களைப்போல் அன்று. பாம்பைப்போன்ற தலை, உருண்டு நீண்ட கரிய உடல், வயிற்றுப் பக்கம் வெளுப்பு. அது செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. தலைக்குள் காற்றை வாங்கி வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து காற்றை ஒரு மிடறு விழுங்கிவிட்டுப் போகும். கோடையில் ஏரி வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிர் பிழைத்திருக்கும். சந்தையில் நீரின்றியும் நெடுநேரம் உயிரோடிருப்பது இதனால்தான். கேரளத்தில் 'வரால்' என்கிறார்கள், தெலுங்கில் 'கொர்ரமீனு', இலங்கையில் சிங்களத்தில் 'லூலா'. இது பிற மீன்களையும் தவளைகளையும் வேட்டையாடித் தின்னும் மீன். ஆகவே மண்புழுவுக்கு அவ்வளவாக ஏமாறாது. 'கெண்டையைப் போட்டு விராலைப் பிடி' என்ற பழமொழியை நாம் எத்தனையோ கட்டுரைகளில் எழுதியிருப்போம். தாத்தா அதை அப்படியே செய்யச் சொன்னார்.

உயிருள்ள சிறு கெண்டையை முதுகில் முள்ளேற்றி விட வேண்டும். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது. இரண்டு முறை மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தாத்தா வற்புறுத்தவில்லை, தாமும் செய்து தரவில்லை. "விரால் வேணும்னா இதையும் நீதான் செய்யணும். ஒருத்தர் கையில் பாவம், ஒருத்தர் வாயில் மீன் என்று இருக்கக்கூடாது" என்றார். நான் செய்தேன்.

மூன்றாம் நாள் மாலை. மதகுக்குச் சற்றுத் தள்ளிக் கோரையின் ஓரமாகத் தூண்டில் கிடந்தது. தக்கை ஆடவே இல்லை. ஒரே ஓட்டமாக ஓடி மறைந்தது. "ஓடுது!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கழி வில்லாக வளைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். கரிய முதுகு ஒன்று நீருக்கு மேல் புரண்டது. 'டப்' என்று ஒரு சத்தம். நான் கரையில் மல்லாந்து விழுந்தேன். நரம்பு அறுந்துவிட்டது. மீனும் போயிற்று, முள்ளும் போயிற்று.

அழுதுவிட்டேன். தாத்தா என் பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த நரம்பின் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். "தறியிலே இப்படி இழுத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார். "இழை அறும்" என்றேன். "இதுவும் இழைதான். அது இழுத்தால் விடு, அது ஓய்ந்தால் இழு" என்றார். அப்பாவின் "மெதுவாம்மா" என் காதில் கேட்டது.

நான்காம் நாள். மறுநாள் நான் ஊர் திரும்ப வேண்டும். அன்று இடம் மாற்றி, நீர் ஆழமில்லாத ஓர் ஒதுக்குக்குப் போனோம். கோரைக்கு நடுவே நீர்மட்டத்தில் செங்கல்பொடியைக் கொட்டியதுபோல் ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தது. அது மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஏதோ பாசி என்று நினைத்தேன். தாத்தாவிடம் சொல்லவும் தோன்றவில்லை. அதன் அருகில் 'களுக்' என்று ஒரு மீன் காற்று வாங்கிற்று. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. தூண்டிலை அங்கேயே போட்டேன். இரை நீரில் விழுந்த மறுகணமே தக்கை மறைந்தது.

இம்முறை நான் அவசரப்படவில்லை. அது இழுத்தபோது கழியைத் தாழ்த்தினேன், ஓய்ந்தபோது இழுத்தேன். "விடு... இழு... விடு..." என்று தாத்தா நரம்பின் ஓசையைக் கேட்டே சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அது கரைக்கு வந்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம்! கை கொள்ளாத பருமன். முள் உதட்டோரத்தில்தான் மாட்டியிருந்தது. தாத்தா ஈரக் கோணியில் அதைப் பொதிந்தார். எனக்கு அப்போதே அம்மாவின் கையில் சாறுக் கிண்ணம் தெரிந்தது. ஆயாவின் முகம் தெரிந்தது. எல்லாவற்றையும்விட, 'இன்னைக்கு வரலை' என்ற அப்பாவுக்கு நான் கொடுக்கப்போகும் பதில் தெரிந்தது.

மகிழ்ச்சியில் ஏரியைத் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சிவப்புத் திட்டு சிதறிக்கொண்டிருந்தது. இங்கும் அங்குமாக ஓடுகிறது, கூடுகிறது, மறுபடி பிரிகிறது. கரையோரத்திலிருந்து ஜிலேபிகள் அதற்குள் பாய்ந்தன. மீன்கொத்தி ஒன்று மரத்திலிருந்து அம்புபோல் இறங்கி மேலேறிற்று. "தாத்தா, அங்கே சிவப்பாக என்னமோ கலைகிறதே?" என்றேன்.

தாத்தாவின் முகம் மாறிற்று. "சிவப்பா? திட்டாவா? முன்னாலேயே இருந்ததா?" என்று அடுத்தடுத்துக் கேட்டார். ஆமாம் என்றேன். "அது குஞ்சு பாப்பா. விரால் குஞ்சு. பிறந்து கொஞ்ச நாள் சிவப்பாத்தான் இருக்கும். இது காவலுக்கு இருந்த தாய். எனக்குக் கண் தெரிஞ்சிருந்தா அங்கே தூண்டில் போட விட்டிருக்க மாட்டேன்" என்றார். மழைக்காலத்தில் விரால் கோரையை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடுமாம். குஞ்சுகள் வெளிவந்த பின்பும் வாரக்கணக்கில் அவற்றின் அடியிலேயே சுற்றிச் சுற்றிக் காவல் இருக்குமாம். எது அருகில் வந்தாலும் பாய்ந்து கடிக்குமாம். என் இரையை அது பசியால் கடிக்கவில்லை. குஞ்சுகளைக் காக்கத்தான் கடித்தது!

"இப்போ என்ன செய்ய தாத்தா?" என்றேன்.

"உன் மீன். நீதான் சொல்லணும்" என்றார்.

தோழியரே, நான் உடனே இரக்கப்பட்டு அதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு முதலில் வந்தது கோபம். தாத்தா இதைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று கோபம். அந்தக் குஞ்சுகள் என் கண்ணில் படாமல் இருந்திருக்கக் கூடாதா என்று கோபம். என் வீட்டிலும் ஓர் அம்மா படுத்திருக்கிறாளே, அவளுக்கு யார் காவல் என்று கோபம். வேறு மீனாக இருந்தால் இதற்குள் செத்துப்போயிருக்கும். 'இனி என்ன செய்வது' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு எடுத்துப் போயிருப்பேன். விரால் சாகவில்லை. கோணிக்குள் காற்றை வாங்கிக்கொண்டு, எனக்காகக் காத்திருப்பதுபோல் அசையாமல் கிடந்தது. ஏரியில் சிவப்புத் திட்டு சிறிதாகிக்கொண்டே வந்தது.

எதனால் எழுந்தேன் என்று இன்றும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கையை நனைத்துக்கொண்டேன். உலர்ந்த கையால் தொட்டால் மீனின் வழுவழுப்புப் போய்விடும் என்று தாத்தா சொல்லியிருந்தார். முள்ளை மெல்லக் கழற்றினேன். முழங்கால் ஆழ நீரில் இறங்கி, இரண்டு கையாலும் பிடித்து விட்டேன். அது ஒரு கணம் என் கைக்குள்ளேயே நின்றது. பிறகு வாலால் என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போயிற்று.

நாங்கள் இருவரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். "சிவப்பு கூடிற்றா?" என்று தாத்தா கேட்டார். "இல்லை" என்றேன். சற்றுக் கழித்து மறுபடி, "கூடிற்றா?" என்றார். "இல்லை." வெயில் ஏறிவிட்டது. மூன்றாம் முறை அவர் கேட்குமுன் 'களுக்' என்ற ஓசை கேட்டது. அவருக்கும் கேட்டது. சிவப்புத் திட்டு, முன்னைவிடச் சிறிதாக, ஆனால் ஒன்றாக, கோரைக்கு நடுவே நின்றது. "கூடிடுச்சு தாத்தா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் தலைமேல் கை வைத்தார்.

மறுநாள் ஆறு ஜிலேபிகளோடு வீட்டுக்குத் திரும்பினேன். பேருந்தில் வரும்போதெல்லாம் ஒரே எண்ணம்தான். என் பங்கை விட்டுக்கொடுத்தால் அது தியாகம். அம்மாவின் பங்கை விட்டுக்கொடுக்க நான் யார்? வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஆயா தலையில் அடித்துக்கொண்டாள். "கைக்கு வந்த விராலை விட்டுட்டு வந்து நிக்கிறாளே! சம்பந்தியாவது சொல்லக் கூடாதா?" என்று இரண்டு நாள் ஓயவில்லை. அம்மாவோ நான் கருவேல மரத்தில் தூண்டில் போட்ட கதையிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதேடி, தையல் வலிக்குது" என்றாள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். இரவு ஜிலேபிக் குழம்பு. அம்மா இரண்டு மீன் சாப்பிட்டாள். விராலைப் பற்றிக் கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "அந்தக் குஞ்சு எல்லாம் திரும்பக் கூடினதா?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை நான் தறியில் உட்கார்ந்தபோது, "நரம்பை விட்டு இழுக்கக் கத்துக்கிட்டியாமே? நாடாவையும் அப்படியே தள்ளு" என்றார். அன்று ஒரு சாண் நெய்யும்வரை ஓர் இழையும் அறவில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு மாமா ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். உள்ளே ஓர் உயிர் விரால். ஏரிக் கால்வாயில், குஞ்சு எதுவும் அருகில் இல்லை என்று மாமாவின் மகனைப் பார்க்கச் சொல்லி உறுதி செய்துகொண்டு தாத்தா பிடித்து அனுப்பியதாம். ஆயா சாறு வைத்தாள். தை பிறந்தது. அம்மா மெல்ல எழுந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். சேலை முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு இறங்கிற்று. தேறியது விரால் சாற்றாலா, ஜிலேபிக் குழம்பாலா, டாக்டர் அம்மாவின் மாத்திரையாலா என்று எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது. ஆயா விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பள்ளி திறந்தபின் எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர்கள் ஒரு புத்தகத்தைக் காட்டி, விராலில் தாயும் தந்தையும் இரண்டுமே குஞ்சுகளைக் காக்கும், பெரும்பாலும் காவல் நிற்பது ஆண் மீனே என்றார்கள். ஐரோப்பாவின் ஏரிகளில் 'சாண்டர்' என்று ஒரு வேட்டை மீன் இருக்கிறதாம். தூண்டில்காரர்கள் அதைத் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள். அதிலும் முட்டைகளைக் காத்து நிற்பது ஆண் மீன்தானாம். அப்படியானால் நான் தாய் என்று எண்ணி விட்ட விரால் ஒரு தந்தையாகவும் இருக்கலாம். மார்க்கெட்டில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, 'இன்னைக்கு வரலை' என்று சொன்ன என் அப்பாவின் முகம் எனக்கு நினைவு வந்தது.

நன்னெறி வகுப்பில் சிஸ்டர் ஒருநாள் பேதுருவின் கதையைச் சொன்னார்கள். இரவு முழுவதும் வலை வீசியும் ஒன்றும் அகப்படாமல், விடியற்காலையில் அவர் வலையை அலசிக்கொண்டிருந்த கதை. முன்பெல்லாம் வலை கிழியும் அளவுக்கு மீன் வந்த இடம்தான் எனக்குப் பிடிக்கும். இப்போது அந்த வெறும் இரவும் எனக்குப் புரிகிறது.

இளைய தங்கையருக்கு ஒரு சொல். பெரியவர் துணை இல்லாமல் ஏரிக்கரைக்குப் போகாதீர்கள். அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். கொக்கின் காலில் மாட்டும். மழைக்காலத்தில் நீர்மேல் சிவப்புத் திட்டு கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போங்கள்.

வருகிற விடுமுறையிலும் தாத்தா வீட்டுக்குப் போவேன். அரசுத் தேர்வு முடிந்திருக்கும். பரணில் கழி இருக்கிறது. சிவப்புப் பட்டு சுற்றிய தக்கையும் இருக்கிறது. நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் கேட்டுச் சொல்ல வேண்டும்.